பச்சைக் கிளிப்புகளின் பாட்டில்

வீட்டில் வைத்த பெயர் வேறு. கடையில் எல்லோருக்கும் அவள் குடைச்சல்தான். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைந்து எடுப்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. பெரியப்பாவின் பிரெட் கடையில் அண்ணனுக்கு அடுப்படியில் உதவி, பிறகு சைக்கிளில் பிரெட் கொண்டுபோடும் வேலை. அவளுக்குப் பை போடும் வேலை. ஆறிய பிரெட்டைப் பையில் இட்டு, பையின் கழுத்தை முறுக்கி, ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டிவிட வேண்டும். நாளுக்கு ஒரு நிறம். திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் பச்சை, வியாழன் மஞ்சள், வெள்ளி நீலம், சனி ஆரஞ்சு. கிளிப்பைப் பார்த்தாலே என்றைக்குச் சுட்டது என்று தெரிந்துவிடும்.

அந்தக் கிளிப்புகள் பிறகு எங்கே போகின்றன என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சாக்கடை ஓரத்தில் கிடந்தன. சைக்கிள் கடைக்காரர் சாவிக்கொத்தில் ஒன்று தொங்கியது. பக்கத்துச் சலூன்காரரின் ரப்பர் செருப்பில், பிய்ந்த வார் வெளியே வராமல் அடியில் ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் குப்பை.

"திருப்பிக் கொண்டுவந்து போடச் சொன்னா என்ன? கழுவி மறுபடி மாட்டலாமே?" என்று கேட்டாள்.

பெரியப்பா சிரித்தார். பெரியம்மாவோ துள்ளிக் குதிக்காத குறை. மாவு மூட்டை பிரித்த நூலைக்கூட உருட்டி வைக்கிறவள் அவள். அன்றைக்கே ஒரு தகரப் பெட்டியில் ஓட்டை போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "இவ குடைஞ்சதுல உருப்படியா வந்தது இது ஒண்ணுதான்" என்று பாராட்டு வேறு.

சனங்களும் கொண்டுவந்து போட்டார்கள். குடைச்சல் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, துணியில் உலர்த்தி, நிறம் பிரித்துக் கண்ணாடி பாட்டில்களில் போட்டுவைத்தாள். பின்கட்டு ஜன்னலில் ஆறு பாட்டில்கள். வெயில் பட்டால் மிட்டாய்க் கடை மாதிரி இருக்கும்.

அதில்தான் சிக்கல். பச்சை மட்டும் மளமளவென்று ஏறியது.

புதன்கிழமை தெருவில் பாதிக் கடைகள் மத்தியானத்தோடு மூடிவிடும். விற்பனை குறைவு. குறைவாக விற்ற நாளின் கிளிப் எப்படி அதிகமாகத் திரும்பி வரும்? முதலில் தன் மேலேயே சந்தேகப்பட்டாள். பிரிக்கும்போது தப்பு செய்கிறேனோ? மஞ்சளைப் பச்சை என்று போடுகிறேனோ? எல்லாப் பாட்டிலையும் கொட்டி மறுபடி பிரித்தாள். தப்பில்லை.

"அண்ணே, பச்சை மட்டும் ஏன் இவ்வளவு வருது?"

"எனக்கே தலை வெடிக்குது. நீ வேற பச்சை, செவப்புன்னுட்டு. போடி அந்தப் பக்கம்."

அவன் எரிந்து விழுந்ததற்குக் காரணம் இருந்தது. பல வருடமாகச் சைக்கிளில் வீடுவீடாக பிரெட் போடுகிறவன். கெஞ்சிக் கூத்தாடி, வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை மட்டும், மாவு பிசைவதில் இருந்து இறக்குவது வரை தன் கையால் செய்ய அனுமதி வாங்கியிருந்தான். கொஞ்ச நாளாக அந்த வியாழக்கிழமை பிரெட்டுக்குத்தான் புகார் மேல் புகார். சலூன்காரர் ஒருநாள் ஒரு துண்டைக் கொண்டுவந்து கல்லா மேசையில் தட்டிக் காட்டினார்.

"கேக்குதா சத்தம்? காலையில வாங்கினது, சாயங்காலம் இப்படி. இது பிரெட்டா, செங்கல்லா? கத்தி தீட்டிக்கவா குடுத்தீங்க?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பெரியப்பா ஆணியில் தொங்கிய சைக்கிள் சாவியை எடுத்து, மாவு பிசையும் மேசையில் வைத்தார். "அடுத்த வியாழனும் இதே பேச்சு வந்தா, இனி இது மட்டும்தான் உன் கைக்கு. அடுப்பு என் கைக்கு."

அந்த வாரம் முழுக்க அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. ஈஸ்டை மாற்றினான். தண்ணீரை மாற்றினான். குடைச்சலின் பாழாய்ப்போன மனசோ பச்சை பாட்டிலை விட்டு நகரவில்லை. அந்தப் பச்சைகளில் ஒரு விசேஷம் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். மற்ற கிளிப்புகள் வரும்போது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஓரம் வளைந்திருக்கும், சிலதில் குழந்தைகளின் பல் தடம்கூட இருக்கும். பச்சையில் பாதி, யார் வீட்டையும் பார்க்காதது மாதிரி புத்தம்புதிதாக இருந்தன.

புதன்கிழமை கடை மூடும்போது பெட்டியைத் தட்டிக் காலி செய்தாள். வியாழன் காலையில் பின்வாசல் வழியாக வந்தாள். அண்ணனின் பிரெட் அப்போதுதான் இறங்கி, தட்டுகளில் ஆவி பறக்க இருந்தது. ஆறுகிற வரை பை போட முடியாது. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் பின்கட்டை விட்டு நகர மாட்டாள். அன்றைக்கு மஞ்சள் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே முன்பக்கம் போனாள்.

கடையின் ஷட்டர் கதவு இன்னும் பாதிதான் ஏறியிருந்தது. ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை. பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். கலகலவென்றது.

திறந்தாள். எல்லாம் பச்சை.

அலமாரியைப் பார்த்தாள். வரிசையாக பிரெட். கழுத்தில் மஞ்சள் கிளிப். இன்றைய பிரெட் இன்னும் பைக்குள்ளேயே போகவில்லை. பிறகு இது எந்த வியாழக்கிழமை?

அலமாரியின் கடைசியில் பெரியம்மா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஒரு பையிலிருந்து பச்சையைக் கழற்றி, கல்லா டிராயரில் இருந்து எடுத்த புது மஞ்சளை மாட்டினாள்.

"பெரியம்மா, என்ன பண்றீங்க?"

பெரியம்மா திடுக்கிடக்கூட இல்லை. "வந்துட்டியா? நேத்து மிஞ்சினதுடி. மறுபடி சுட்டு ரஸ்க் போட்டா கேஸுக்குக் கேடு. ஒரு நாள்ல என்ன கெட்டுப்போகுது? காலையில அலமாரி காலியா இருந்தாலும் நல்லாவா இருக்கு?"

"அப்போ பச்சைய எதுக்குப் பெட்டியில போட்டீங்க?"

"பின்ன? தூக்கியா எறியச் சொல்றே? நல்ல கிளிப்புடி!"

குடைச்சலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "பெரியம்மா, சலூன்காரர்தான் தினம் முதல் ஆளா வருவாரு. நீங்க இத எடுத்துக் குடுக்கறீங்க. அவரு அண்ணனத் திட்டறாரு. அண்ணனுக்கு இன்னைக்குக் கடைசி நாள்."

பெரியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அவள் அப்படி யோசித்தே பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அவன் சுடறதே அப்படித்தானோன்னு நெனச்சு..." என்று ஆரம்பித்தவள் மென்று முழுங்கினாள்.

கதவு முழுசாக உயர்ந்தது. பெரியப்பா உள்ளே வந்தார். பின்னாலேயே சலூன்காரர்.

"என் செங்கல்லக் குடுங்கம்மா."

பெரியம்மா அலமாரியைப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க. இன்னும் ஆறல."

"ஆறலையா? இதோ அடுக்கி வச்சிருக்கே?" என்றார் பெரியப்பா. கையில் எடுத்த பையில் மஞ்சள் இருந்தது. அதற்குக் கீழே, கழற்ற மறந்த பச்சையும் இருந்தது. "இதென்ன, ஒரே கழுத்துக்கு ரெண்டு மாலை?"

குடைச்சல் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்நாளில் அது அதிசயம்.

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது நேத்துது. ரொம்ப நாளாவே இப்படித்தான். மஞ்சள மாட்டுனது நான்தான். அந்தப் பையன் மேல தப்பில்ல."

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "அடப்பாவமே. ஆள் மாத்தி இல்ல திட்டியிருக்கேன்! சரி, ஆறாததையே குடுங்க, நான் ஊதித் தின்னுக்கறேன்."

பெரியப்பா பின்கட்டுக்குப் போனார். அண்ணன் சுவரோடு சுவராக நின்றிருந்தான். பெரியப்பா ஒரு பிரெட்டை இரண்டாகப் பிய்த்து, ஒன்றை மென்றார். ரொம்ப நேரம் மென்றார். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மேசையில் இருந்த சைக்கிள் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குப் போடறத இன்னைக்கு நான் போறேன். நீ அடுப்பப் பாரு."

"பெரியப்பா, உங்களுக்கு முழங்கால்..."

"அதான் சொல்றேன், அடுப்பப் பாருன்னு."

பெரியம்மாவின் சிக்கனம் மட்டும் மாறவில்லை. மஞ்சளை எல்லாம் கழற்றி, மறுபடி பச்சையை மாட்டி, 'நேற்றைய பிரெட்' என்று ஓர் அட்டை எழுதி, கீழ்த்தட்டில் பாதி விலைக்கு வைத்தாள். அட்டை, பழைய காலண்டரின் முதுகு.

மதியம் தட்டுகள் காலியான பிறகு, அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசிப் பையை எடுத்து, கழுத்தை முறுக்கி, மஞ்சள் கிளிப்பைத் தானே மாட்டினான். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தான்.

"ஏய் குடைச்சல்."

"என்ன?"

"நீலம் மட்டும் ஏன் அடியிலேயே கெடக்கு?"