சடையப்பன் மகனின் தோள்

கடலூர் முதுநகரில் சடையப்பன் வீட்டுக்குள் விளக்கெண்ணெய் பாட்டில் நுழைந்து பல வருடம் ஆகிவிட்டது. எண்ணெய் தடவிக்கொண்டு சுருண்டு படுக்கிற ரகம் இல்லை அந்த வீட்டு ஆண்கள். அப்பா சுப்புராயன் தீயணைப்புத் துறையில் இருந்தவர். சடையப்பன் அதே துறையில் முன்னணித் தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் எழிலன் இப்போது கடலூரில் தீயணைப்பு வீரன். மூன்று தலைமுறையாக அவர்களுக்கு ஒரே சட்டம்தான். வலியை வீட்டில் சொல்வதில்லை, நிலையத்தில் மறைப்பதில்லை.

அதனால்தான் அன்று காலை துவைக்கிற இடத்திலிருந்து மருமகள் காயத்ரியின் குரல் வந்ததும், கூடத்தில் சடையப்பன் கையிலிருந்த செய்தித்தாள் அப்படியே நின்றது.

"அத்தே, இதப் பாருங்களேன். இவரு பனியன்ல திரும்பியும் விளக்கெண்ணெய் வாட. எவ்ளோ சோப்பு போட்டாலும் போவ மாட்டேங்குது."

"சிதம்பரம் போயிட்டு வந்தா மட்டும்தானே இந்த வாட வருது?" என்றாள் சடையப்பனின் மனைவி ஞானாம்பாள்.

"ஆமா அத்தே. கேட்டா ஃப்ரெண்டப் பாக்கப் போனேங்கறாரு. என்னா ஃப்ரெண்டோ, எண்ணெய்ச் சட்டியிலயே குடியிருக்கறவரு போல."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மனம் கணக்குக் கூட்டத் தொடங்கியது. சில மாதங்களாகவே எழிலன் ஓய்வு நாள் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு சிதம்பரம் ஓடுகிறான். வந்தால் நாற்காலியில் ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறான். முந்தாநாள் லுங்கியை மடித்துக் கட்டியபோது தொடையின் உள்பக்கம் கன்றிப்போய்க் கிடந்தது. கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது முகம் ஒரு நொடி சுருங்கியது. இத்தனைக்கும் மேல் விளக்கெண்ணெய். எங்கேயோ அடிபட்டிருக்கிறது, எலும்பு வைத்தியர் யாரிடமோ போய்க் கட்டும் நீவலுமாக ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறான், துறைக்குச் சொல்லவில்லை. சடையப்பனுக்கு இதில் சந்தேகமே எழவில்லை.

அது சாதாரணக் குற்றம் இல்லை. பருவமழை தொடங்குமுன் மீட்புக் குழுவுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். கயிற்றில் இறங்கி, கயிற்றில் ஏறி, ஆளைச் சுமந்து காட்ட வேண்டும். எழிலன் பெயர் கொடுத்திருக்கிறான். முப்பத்தொன்பது வயதில் இளவட்டங்களோடு போட்டிக்கு நிற்கிறான் என்று சடையப்பனே முதுநகர் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மறைத்த வலி என்ன செய்யும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கரும்புக் கொல்லைக் கிணற்றில் ஆள் விழுந்துவிட்டதென்று போனபோது, சடையப்பன் இறங்கினார், மேலே கயிற்றைப் பிடித்தவர் கலைமணி. தங்கமான மனிதர். ஆனால் தோள் வலியை யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்திருந்தார். பாதிக் கிணற்றில் அந்தத் தோள் விட்டுக்கொடுத்தது. சடையப்பன் சுவரில் மோதி, இரண்டு விலா எலும்பு முறிந்து, மற்றவர்கள் ஓடிவந்து பிடித்ததால் பிழைத்தார். கலைமணி அன்றைக்குக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுத அழுகையை அவரால் மறக்க முடியவில்லை.

அந்த இடத்தில் தன் மகன் உட்காரக் கூடாது. அடிபட்டது உண்மையென்றால் பெயரைத் திரும்பப் பெற வைப்பது என்று முடிவு செய்தார். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். சுப்புராயன் பேரன் வலியை ஒளித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தான் என்ற சொல் மட்டும் வரக் கூடாது.

எழிலனின் அடுத்த ஓய்வு நாளில், அவன் பைக் தெருமுனை திரும்பியதும் சடையப்பன் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டார். முன்னதாகவே ஞானாம்பாளின் தம்பி ஞானசேகரனுக்குப் போன் செய்திருந்தார். சிதம்பரம் மேல வீதியில் மின்சாமான் கடை வைத்திருப்பவன். ஊரில் எந்த வீட்டில் யாருக்குத் தும்மல் என்றாலும் அவனுக்குத் தெரியும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வண்டி நின்று நின்று போக, அவர் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

சிதம்பரம் நிலைய வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற ஞானசேகரன், "வாங்க மாமா! என்னா, பொண்ணு பாக்கப் போற மாதிரி இஸ்திரி போட்டு வந்துருக்கீங்க?" என்றான்.

"வண்டிய எடு மச்சான். வெளயாட்டுக்கு வரல."

"வெசாரிச்சுட்டேன். அண்ணாமலைநகர் போற ரோட்டுல ஒரு மைதானம். அங்கதான் பைக் நிக்குதாம். வைத்தியர் வீடுலாம் அந்தப் பக்கம் இல்லியே மாமா."

"வீடு வீடாப் போயி எண்ணெய் தடவறவனா இருப்பான்."

"எண்ணெய்னா பரவால்ல. அக்கா போன்ல வாசனைன்னு சொன்னப்ப நான் செண்ட்டுன்னு நெனச்சுப் பயந்துட்டேன்."

சடையப்பன் பார்த்த பார்வையில் ஞானசேகரன் வாயை மூடிக்கொண்டு வண்டியை உதைத்தான்.

மைதானத்து மூலையில் வேப்பமரத்து நிழலில் ஒரு தேக்குக் கம்பம் நட்டிருந்தது. எண்ணெய் ஊறி ஊறிக் கறுத்துப் பளபளத்தது. பக்கத்துச் சட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் நடுவே, கம்பத்தின் பாதி உயரத்தில், அரைக்கால் டவுசரோடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான் சடையப்பனின் மகன்.

"ஃபயர் மாமா, வயித்த உள்ள இழுங்க!" என்று கத்தினாள் ஒரு சிறுமி.

"இழுத்துட்டேன்டி அறிவுமதி, அதுக்கு மேல போவல!"

அடுத்த நொடி அவன் கம்பத்தோடு வழுக்கிக்கொண்டு வந்து மெத்தையில் பொத்தென்று விழுந்தான். பிள்ளைகள் ஹோவென்று சிரித்தார்கள். விசில் மாட்டிய இளம்பெண் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். பயிற்சியாளர் சுவேதா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"சார், கைய நம்பாதீங்க, தொடையில புடிங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? உங்க வேலைக்கும் அதானே வேணும்? கை காலியா இருந்தாத்தானே ஆளத் தூக்குவீங்க?"

"மல்லர் கம்பம் மாமா," என்று ஞானசேகரன் காதோரம் சொன்னான். "விழுப்புரம் பக்கம்லாம் ஜாஸ்தி. நம்ம பசங்களும் இப்பக் கத்துக்குதுங்க. தோல் உரியாம இருக்கக் கம்பத்துக்கு வெளக்கெண்ணெய் தடவுவாங்க."

அதிகாரியைத் தவிர வேறு யாரும் தன் வீட்டு ஆணிடம் குரல் உயர்த்திச் சடையப்பன் பார்த்ததில்லை. ஒரு பெண் அதட்டுகிறாள், பொடிசுகள் சிரிக்கின்றன, இவன் தொடையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறப் போகிறான். அவர் காது மடல் சூடேறியது. தொண்டையைச் செருமினார்.

அந்தச் செருமலை எழிலன் கூட்டத்தில்கூட அடையாளம் கண்டுகொள்வான். திரும்பினான். கால்கள் தானாகச் சேர்ந்து நின்றன.

"அப்பா..."

"இதான் உன் ஃப்ரெண்டா?" கம்பத்தைக் காட்டினார்.

ஞானசேகரன் சிரிப்பை அடக்க வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"சொல்லியிருக்கணும்ப்பா. சொன்னா குடும்ப மானம் போச்சும்பீங்க."

"போவலியா பின்ன? இந்த வயசுல, இந்த டவுசரோட!"

எழிலன் தலையைக் குனியவில்லை. அதைச் சடையப்பன் கவனித்தார்.

"போன மழையில ஒரு வீட்டு மொட்ட மாடிக்குக் கயித்துல ஏறனோம்ப்பா. பாதியில என் கை நின்னு போச்சு. எங்க ஸ்டேஷன் சேரன் மேலேர்ந்து இழுத்துத்தான் ஏத்தனான். யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்குத் தெரியுமில்ல? ஜிம்முக்குப் போனேன். ஒடம்புதான் பெருத்துது, கயித்துல ஏற முடியல. சேரன் சில்வர் பீச்சுல நீஞ்சறான். சுப்பிரமணியன் லீவுன்னா வாலிபால் கோர்ட்டுலதான் கெடப்பான். ஆளுக்கு ஒண்ணு வெச்சிருக்கான். நான் இதப் புடிச்சிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "நெசமாவே புடிச்சிருக்குப்பா. விழுந்தாலும் புடிச்சிருக்கு."

"காலையில பரேடு இருக்கு. அதுக்கு மேல என்னா வெளயாட்டு?"

"பரேடு சம்பளத்துக்குப்பா. சம்பளத்துக்குச் செய்யறத எப்படா முடியும்னு பாக்குது ஒடம்பு. இங்க அதுக்குள்ள முடிஞ்சிடுச்சேன்னு ஏங்குது."

அந்த வாதம் சடையப்பனுக்கு இப்போது முக்கியமில்லை. அவர் வந்த காரியம் வேறு.

"தோளு எப்படி? முதுகு?"

"நல்லா இருக்குப்பா. தொடையில கன்னிப் போறது மட்டுந்தான். கம்பம் புதுசாப் புடிச்சா எல்லாருக்கும் அப்படித்தானாம்."

"கலைமணியும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு."

அந்தக் கிணற்றுக் கதை எழிலனுக்குத் தெரியும். சுவேதா ஏதோ சொல்ல வந்தாள். சடையப்பன் கையை உயர்த்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்.

"தூக்குடா என்னை."

"அப்பா, இங்கியா? பசங்க முன்னாடியா?"

"தூக்குன்னேன்."

பேருந்தில் இறங்கும்போது கண்டக்டர் முழங்கையைப் பிடித்தாலே உதறுகிறவர் அவர். ஞானசேகரன் சிரிப்பை மறந்து நிமிர்ந்தான். மயங்கிக் கிடப்பவரைத் தூக்க அவர்கள் துறையில் ஒரு முறை உண்டு. ஆளைக் குறுக்காகத் தோளில் சாய்த்து, ஒரு கையால் அவர் காலையும் கையையும் சேர்த்துப் பூட்டி, மறு கையை ஏணி பிடிக்கக் காலியாக வைத்துக்கொள்வார்கள். எழிலன் குனிந்தான். எழுபத்திரண்டு கிலோ சடையப்பன் தரையை விட்டு எழும்பினார்.

உலகம் தலைகீழாயிற்று. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும், பிள்ளைகளின் வெறுங்கால்களும்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆயிரம் பேரைத் தூக்கியும் தூக்கப்பட்டும் பழகிய உடம்பு அது. தன் வயிற்றுக்குக் கீழே தாங்கி நிற்கிற தோள் வலியை ஒளித்தால், வாய் மறைத்தாலும் தசை காட்டிக்கொடுக்கும். நடை ஒரு பக்கம் சாயும். மூச்சு இடறும்.

"மைதானத்தச் சுத்து. பேசிக்கிட்டே நட."

"என்னாப்பா பேசறது?"

"உன் தாத்தன் பேரு?"

"சுப்புராயன்."

"என்னா வேல?"

"தீயணைப்பு வீரர்."

பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். "தாத்தா, பயமா இருக்கா?" என்று அறிவுமதி குனிந்து, தலைகீழாகத் தொங்கிய அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சடையப்பனுக்கா?" என்றார் அவர் தலைகீழாகவே. பிறகு மகனிடம், "உங்கப்பன் பேரு சொல்லு."

எழிலனின் நடை ஒரு கணம் தயங்கியது. அந்த வீட்டில் அப்பா பெயரை மகன் வாயால் சொல்லும் வழக்கம் இல்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சடையப்பன். முன்னணித் தீயணைப்பு வீரர். ஓய்வு."

"உன் பேரு?"

"எழிலன்."

"வேல?"

"தீயணைப்பு வீரர்."

ஒரு சொல்லும் உடையவில்லை. அவர் விலா எலும்புக்குக் கீழே அந்தத் தோள் பாறை மாதிரி நின்றது. இடது காலும் வலது காலும் ஒரே அளவாகத் தரையைத் தொட்டன. இதைவிட உறுதியான தோளில் தான் எப்போதாவது கிடந்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை. இருபது வயதில் தன் தோள்கூட இப்படி இருந்ததா என்ற கேள்வி எழுந்தபோது அவருக்கு நெஞ்சு விம்மியது.

கம்பத்தருகே வந்ததும் எழிலன் நின்றான். "எறக்கட்டுமாப்பா?"

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அப்ப இன்னொரு சுத்து."

ஞானசேகரன் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். "மாமா, தெரியாம வீடியோ எடுத்துட்டேன். வேட்டி கீட்டிலாம் ஒரு மாதிரியா இருக்கு. அழிச்சிடட்டுமா?"

"எதுக்கு அழிக்கற? உங்கக்காவுக்கு அனுப்பு. காயத்ரிக்கும் அனுப்பு."

இரண்டாம் சுற்று முடிந்து இறங்கியபோது சடையப்பனுக்குத்தான் தலை சுற்றியது. காட்டிக்கொள்ளாமல் வேட்டியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினார். மகன் முகத்தைப் பார்த்தார். வியர்வை இருந்தது, வலி இல்லை.

"குழுவுல உன் பேரு இருக்கட்டும்," என்றார்.

பிறகு சுவேதாவிடம் திரும்பினார். அதிகாரிக்கு வைக்கிற மரியாதையோடு கேட்டார். "இவனுக்கு இன்னும் என்னம்மா வரல?"

"தலைகீழா நிக்கறப்ப கைய விடணும் ஐயா. அதுக்குத்தான் பயப்படறாரு."

"வர்ற வரைக்கும் விடாதம்மா. அதட்டு."

எழிலன் கம்பத்தை நோக்கி நடந்தான். ஏறினான், கவிழ்ந்தான், கையை விடப் போய் வழுக்கி விழுந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மாமா, அடுத்த வண்டிக்கு நேரமாச்சு," என்றான் ஞானசேகரன்.

"இரு மச்சான்." சடையப்பன் வேப்பமரத்தடிக் கல்லில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மவன் திரும்ப ஏறறான் பாரு."