அக்கரைக்குப் போன சாத்தா

எவாரிஸ்தோவைப் புதைத்த மறுநாள், அவன் வீட்டு முற்றத்தில் மட்டும் ஒரு ஆறு ஓடத் தொடங்கியது. அந்த வருஷம் கொலிமா மாநிலம் முழுக்க வறட்சி. பக்கத்து வீட்டுக் கோழிகள் தூசியில்தான் குளித்துக்கொண்டிருந்தன. ஆற்றின் இக்கரையில், வாசற்படியை ஒட்டி, செத்துப்போன எவாரிஸ்தோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

பழைய கல்லறைகளைத் தோண்டுவது அவன் தொழில். எரிமலை அடிவாரத்தில் கிணறு மாதிரி இறங்கும் குழிகளுக்குள் புகுந்து, செத்தவர்களை ஆறு தாண்டிக் கொண்டுபோக அந்தக் காலத்து ஜனங்கள் கூடவே வைத்த மண் நாய்களைத் தூக்கிவந்து வெளியூர்க்காரர்களுக்கு விற்றான். வீட்டிலிருந்த நிஜ நாய் சாத்தாவைப் போகும்போதும் வரும்போதும் உதைத்தான். அதில் அதன் பின்னங்கால் ஒன்று நொண்டியாகிவிட்டது. உதைத்தவனை எந்த நாயும் அக்கரை சேர்க்காது என்பது ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் அவன் மனைவி தொமித்திலா, நாயைச் சமாதானப்படுத்த அவன் சவப்பெட்டிக்குள் சோள ரொட்டிகளை வைத்து அனுப்பியிருந்தாள். கரையில் உட்கார்ந்த மனுஷன் அவற்றைத் தானே தின்று தீர்த்துவிட்டான்.

அவன் அக்கரை போகாததால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. உள்ளே மகள் ஒபெலியாவுக்கு இடுப்புவலி கண்டிருந்தது. வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி நிகோலாசா வேலிக்கு அப்பால் நின்றுவிட்டாள். அந்தத் தண்ணீரைத் தாண்டியவர்கள் திரும்புவதில்லை, தனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றாள். அவளைத் தப்புச் சொல்ல முடியாது. மதியத்துக்குள் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. ஒபெலியாவின் கத்தல் முனகலாக இறங்கியது. தொமித்திலா அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு ரொட்டியைச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் புருஷன் மடியில் போட்டாள்.

"உன் கையால சாத்தாவுக்குக் குடுய்யா."

"நாய்கிட்டப் போயி நான் கெஞ்சணுமாக்கும்?"

"நீ ஒடச்ச காலுதானே அது. உள்ள உன் மக சாகக் கெடக்கா. கெஞ்சு."

அவன் ரொட்டியை நீட்டினான். சாத்தா வரவில்லை. அதன் கண் அவனுடைய பூட்ஸின் மேலேயே இருந்தது. கடைசியில் எவாரிஸ்தோ பூட்ஸைக் கழற்றி ஆற்றில் எறிந்தான். வெறுங்காலோடு மண்டியிட்டு, "தப்புதான் தாயி" என்றான். நாய் நொண்டி நொண்டி வந்து ரொட்டியைக் கவ்வியது, தின்னவில்லை. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இருவரும் தண்ணீரில் இறங்கி, நடு ஆற்றில் கண்ணுக்கு மறைந்தார்கள்.

ஆறு வற்றியது. நிகோலாசா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் ஓடிவந்தாள். பெண் குழந்தை நீலம் பாரித்துப் பிறந்து, கொஞ்ச நேரம் எல்லோர் உயிரையும் வாங்கிவிட்டு, அழுதது.

சேறு காய்ந்தபோது முற்றத்தில் ஒரு மண் நாய் நின்றது. வாயில் ரொட்டி, பின்னங்கால் ஒன்று குட்டை. தொமித்திலா அதை அலமாரியில் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியூர்க்காரர்கள் விலை கேட்டு வந்தபோது, "அதுக்கு இங்க வேல இருக்கு" என்று அனுப்பிவிட்டாள். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு அந்த இடம் காலியாக இருக்கும். மறுநாள் நாய் திரும்பி வந்து நிற்கும், வயிறு ஈரமாக, வாய் வெறுமையாக. தொமித்திலா அதைத் துடைத்துவிட்டு ரொட்டி சுடப் போவாள்.