தானாக ஓடும் கம்பம்

மலைமேல் பனியை அளக்கும் கம்பத்தின் சூரிய மின்தகட்டை மூடியிருந்த பனியைப் புருல்சா குதிரைமேல் இருந்தபடியே நீளத் துடைப்பத்தால் வழித்துத் தள்ளினாள். வெயில் பட்டால்தான் கம்பத்துக்கு மின்சாரம். பிறகு குறுக்குக் கம்பியில் குப்புறத் தொங்கிய கருவியின் வாயைக் கம்பளித் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். டக் டக்கென்றது. அதைக் கேட்காமல் அவள் மலையிறங்க மாட்டாள்.

“நான் இல்லாமக்கூட இருந்திடுவே, அந்தக் கம்பம் இல்லாம இருக்க மாட்டே” என்பான் இடுப்பொடிந்து அடுப்போரம் கிடக்கும் அவள் கணவன் தொலொகோன். அந்த அடுப்புக்கு நிலக்கரி வாங்குவதே கம்பத்தைக் காக்கும் சம்பளத்தில்தான்.

கண்ணில்லாத கருவி பனியை எப்படி அளக்கும் என்று அவள் முதலிலேயே கேட்டாள். கீழ்நோக்கிச் சத்தம் போட்டு, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடும் என்றான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த பொறியாளன் மெதர்பெக். அதன்பின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் அவனே போனில் கூப்பிட்டான்.

“அக்கா, நேத்து அங்க திடீர்னு ஆளுயரம் பனி ஏறி, உடனே காணாமப் போச்சே, என்ன கூத்து?”

“குதிரையக் கொண்டுபோய் நிறுத்தினேன் தம்பி. குதிரைன்னு கண்டுபிடிக்குதான்னு பாத்தேன்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இலையுதிர் காலத்தில் நேரில் வந்தவன் சிரிக்கவில்லை. தேநீரும் ரொட்டியும் பாலாடையும் வைத்தாள். வெகுநேரம் சுற்றி வளைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான். மற்ற மலைகளில் எல்லாம் கம்பங்கள் குளிரில் ஊமையாகிவிட்டனவாம். இது மட்டும் ஒருநாள்கூட நிற்கவில்லையாம்.

“தானாவே நல்லா ஓடுதே, இதுக்கு ஆள் எதுக்குன்னு மேல கேக்குறாங்க அக்கா.”

புருல்சா ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள். “அந்தக் கம்பம் இவ்வளவு சொல்லுதே, நான் துடைக்கிறத மட்டும் சொல்லலையா?”

மெதர்பெக் கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தான். வண்டியில் ஏறும்போது, குதிரைகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் தகட்டை ஒரு தட்டுத் தட்டிவிடச் சொன்னான். சம்பளத்தைப் பற்றிப் பேச்சில்லை; அந்த மாதத்தோடு அது நின்றும் போனது.

குளிர்காலத்தின் முதல் பெரும்பனி இரவெல்லாம் கொட்டியது. காலையில் பழக்கத்தில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள். எப்போதும் வெயிலில் மின்னும் தகடு எங்கே என்றே தெரியவில்லை, மலை முழுக்க ஒரே வெள்ளை. உள்ளே தொலொகோன் இருமினான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மெதர்பெக்தான்.

அவள் எடுக்கவில்லை. நிலக்கரிக் கொட்டகையைத் திறந்து, அதே துடைப்பத்தால் மூலையில் மிஞ்சியிருந்த கரித்தூளைக் கூட்டிக் கூட்டி வாளியில் சேர்த்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.