கேட்காமல் வந்த நீல மீன்

வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் பதினொரு வருஷமாக நர்ஸ். "ஊருக்கெல்லாம் சிஸ்டர், எனக்கு மட்டும் தங்கச்சி" என்பது அவள் அண்ணனின் பழைய ஜோக். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பான். திரைச்சீலைக் கடை வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. அவள் வெளியூர் போயிருந்தபோது அவளுடைய ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியவன் அவன். அவள் அறைக்குப் பச்சை பெயிண்ட் அடித்தவனும் அவன்தான். எல்லாம் நல்லதுக்கு. நல்லது செய்கிறவன்மேல் எப்படிக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது கூடத்து நாலடி உப்புநீர்த் தொட்டி ஒன்றுதான். அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று, மஞ்சள் வாலுள்ள சிறு மீன் ஒன்று. ஒன்றரை வருஷமாக அவை மூன்றுதான். நாலாவதாக ஒன்று சேர்க்கலாம் என்று தோன்றியபோது, பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை தடவை போக மாட்டார்கள், வளர்ப்பு மீன் கடைக்கு அத்தனை தடவை போனாள். முன்பாதி ஊதாவும் பின்பாதி மஞ்சளுமாக, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். மூச்சு சீராக இருக்கிறதா, துடுப்பு கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாள். கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, அது தின்பதைக் கண்ணால் பார்த்தாள். அடுத்த வாரமும் போய்ப் பார்த்தாள். பிறகுதான் வாங்கினாள். வாங்கியதையும் நேரே பெரிய தொட்டியில் விடவில்லை. தன் அறையில் தனித் தொட்டி வைத்து, நோய் ஏதும் இருந்தால் வெளியே தெரியட்டும் என்று நாலு வாரம் காத்தாள்.

நாலாவது வாரக் கடைசியில், மதியம் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு நீல மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஓடியது. அதன் துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். காலியான பிளாஸ்டிக் பை தரையில் கிடந்தது.

"எப்படி? தொட்டிக்கே களை வந்துடுச்சு பாத்தியா" என்றான் அண்ணன்.

பைத் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். அதையும் சேர்த்து ஊற்றிவிட்டதாகச் சொன்னான். கடல் மீன், கடல் தண்ணீர், இதில் என்ன வந்துவிடப் போகிறது? அவள் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஏதோ அவசர வேலை நினைவு வந்தவராக நழுவினார்.

அன்றைக்கே வலையை எடுத்தாள். பாறை ஒவ்வொன்றாக வெளியே வந்தது, தோள்வரை நனைந்தது. நீல மீனைப் பிடித்து இன்னொரு தொட்டியில் விட ஒன்றரை மணி நேரம். அதற்குள் அது நோயை விதைத்துவிட்டிருந்தது. ஐந்தாம் நாள் மற்ற மூன்றின் மேலும் புள்ளிகள். அவற்றையும் நீல மீன் இருந்த தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து போட்டாள். மஞ்சள் வால் முதலில் போனது. இரண்டு நாள் கழித்து ஜோடியில் ஒன்று. மிஞ்சியது மூலையில் ஒதுங்கி நின்றதை அவளால் பார்க்க முடியவில்லை. பெரிய தொட்டியில் மீனே இல்லாமல் பதினொரு வாரம் ஓட்டினால்தான் கிருமி சாகும். கூடத்தில் வெறும் பாறைக்கு விளக்கு எரிந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் பதில் சொல்வான், ஜோக் அடிப்பான். வாயை மூடிக்கொண்டாள். அவன் உட்கார்ந்தால் எழுந்தாள், அவன் வந்தால் போனாள். ஒரு மீனுக்கா இந்தப் பாடு என்று அண்ணன் அங்கலாய்த்தான். அண்ணி அரிசி களைந்துகொண்டே, "மீனுக்குன்னுதான் நினைக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு காலையில் அவன் சிரித்த முகமாக வந்தான். கையில் பை, அதற்குள் ஆரஞ்சு ஜோடி.

"போனதுக்கு வந்தாச்சு. இப்பவாவது சிரி."

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. மறுபடியும் கேட்கவில்லை. இரண்டு சாவுக்கு அப்புறமும் கேட்கவில்லை. செருப்பை மாட்டினாள். "வண்டிய எடு" என்றாள். அவன் எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பின்னால் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மீன் கடைத் தொட்டியில், அண்ணன் வாங்கிய நீல மீனோடு வந்திறங்கிய இன்னும் மூன்று நீல மீன்கள் விற்காமல் இருந்தன. மூன்றின் உடம்பிலும் அதே புள்ளிகள். அவள் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். இது தெரிந்துதான் விற்றீர்களா என்று கேட்டாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அவர் கேக்கல, நான் சொல்லல. நீங்கன்னா பத்து கேள்வி கேப்பீங்க."

அண்ணன் பாய்ந்தான். ஏமாற்று வேலை, கடையை இழுத்து மூட வைக்கிறேன் என்று குதித்தான். நெற்றி நரம்பு புடைத்தது. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர விடு. அவர்கிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன். நீ ஏன் கேக்கல?"

"இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

"அவர்கிட்ட இல்ல. என்கிட்ட. ஸ்கூட்டர விக்கறப்போ கேக்கல. பெயிண்ட் அடிக்கறப்போ கேக்கல. ஒரே வீட்டுல பத்து அடி தள்ளி இருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை. அது அவ்வளவு கஷ்டமா?"

கடையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் அத்தனை உயரும் என்று அவளுக்கே தெரியாது.  அண்ணனுக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 

நீல மீன் பிழைத்துக்கொண்டது. வளர்ந்தால் நாலடித் தொட்டி அதற்குப் போதாது. பெரிய தொட்டி வைத்திருந்த ஒரு பல் டாக்டரிடம் கொடுத்தாள். அதன்மேல் அவளுக்கு ஒரு துளியும் கோபம் இல்லை.

பதினொரு வாரம் கழித்து, பிழைத்த ஆரஞ்சு மீனை முதலில் பெரிய தொட்டிக்குத் திருப்பினாள். அடுத்த விடுமுறை மதியம் விளக்கை அணைத்துவிட்டு, தன் அறையிலிருந்த ஊதா மீனை வாளியில் எடுத்தாள். குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். பெரிய தொட்டியின் தண்ணீர் வாளிக்குள் நொடிக்கு இரண்டு சொட்டாக விழும்படி அதைத் திருகினாள். இரத்தத்தில் உப்பை அவசரமாக மாற்றினால் மனிதன் மயங்கி விழுவான். மீன் மட்டும் தாங்குமா? முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் கூடத்து வாசலில் வந்து நின்றான். உள்ளே காலை வைக்கவில்லை.

"பாக்க வரட்டுமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேட்கிறான். அதற்காகக் கோபம் ஆறிவிடுமா என்ன?

"இன்னைக்கு வேண்டாம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். வாளித் தண்ணீர் இரண்டு மடங்காக இரண்டு மணி நேரமாயிற்று. வலையில் ஏந்தித் தொட்டியில் இறக்கினாள். மீன் ஒரு கணம் தலைகீழாகத் தடுமாறி, சட்டென்று பாறை இடுக்கில் புகுந்து மறைந்தது. மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள் தீனி விழுந்ததும் ஊதாத் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு பின்வாங்கியது.