ஆளுக்கொரு சாவி

ஆரணியில் அய்யாக்கண்ணு கேபிள் என்றால் தெரியாத தறி வீடு கிடையாது. பட்டுக் கடைக்காரர்கள், டிசைன் போடுகிறவர்கள், அரிசி ஆலைக்காரர்கள் என்று பாதி ஊருக்கு இன்டர்நெட் அங்கிருந்துதான் போகிறது. அய்யாக்கண்ணு காலமாகிப் பல வருஷம் ஆகியும் போர்டில் அவர் பெயர்தான். மூத்த மகன் பச்சையப்பன் அதை மாற்ற விட்டதில்லை. தம்பி ராஜவேலு இறந்த பிறகும், தம்பி மகன் கோபிநாத்தையும் தன் மகன் சரவணனையும் ஒரே தொழிலில், ஒரே சமையலில் வைத்திருந்தார். கண்ணெதிரே எத்தனையோ குடும்பங்கள் பாகம் பிரித்துக்கொண்டு போயின. தன் வீடு பிரியவில்லை என்பதில் அவருக்கு இருந்த கர்வம், அவர் கடைவீதியில் நடக்கும் நடையிலேயே தெரியும்.

ஆபீஸ் மாடியில் இருந்த பெரிய ரௌட்டரிலும் அதே சட்டம்தான். ஊருக்குள் போகிற லைன்களையெல்லாம் பிரித்துவிடுகிற அந்தப் பெட்டிக்குள் போக ஒரு பெயரும் ஒரு பாஸ்வேர்டும் வேண்டும். பெயர் அய்யாக்கண்ணு. பாஸ்வேர்டு குலதெய்வத்தின் பெயர். யார் உள்ளே போனாலும் அய்யாக்கண்ணுவாகத்தான் போக வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சந்தவாசல் பக்கம் போகிற லைன் செத்துக் கிடந்தது. போனுக்கு மேல் போன். சரவணனின் மனைவி இளமதி, கல்யாணத்துக்கு முன் சென்னையில் இதே வேலை பார்த்தவள், ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தாள். முந்தின நாள் யாரோ அந்த லைனுக்கான கட்டளை வரி ஒன்றை அழித்திருந்தார்கள். அவள் திரும்பப் போட்டதும் லைன் வந்துவிட்டது. வீட்டு நிம்மதிதான் போய்விட்டது.

"கோபிதான் செஞ்சிருப்பான். நேத்து சாயந்திரம் மாடியில குந்திகினு இருந்தது அவன்தான்" என்றான் சரவணன், லைன் வேலைக்காரர்கள் நிற்கும்போதே.

"நான் சந்தவாசல் பக்கம் கையே வெக்கல" என்றான் கோபிநாத்.

"அப்ப தாத்தா எழுந்து வந்து அழிச்சாரா? உள்ள அவரு பேருதான் இருக்குது."

வேலைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கோபிநாத் சிரிக்கவில்லை. மத்தியானம் பெரியப்பா முன்னால் வந்து நின்றான்.

"நான் வேலூர் போயி தனியா பொழச்சிக்கிறேன், பெரியப்பா. இந்தப் பேஜார சுமந்துகினு இங்க இருக்க முடியாது."

பச்சையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி மகன் வெளியே போனால், அய்யாக்கண்ணு வீடும் பிரிந்தது என்று கடைவீதியில் பேசுவார்கள். அதைவிட மோசம், திருட்டுப்பட்டம் போல ஒரு பழியோடு போனான் என்றும் பேசுவார்கள்.

இளமதி மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"மாமா, ரௌட்டர்ல ஆளுக்கொரு பேரு வெச்சிடலாம்."

"ரௌட்டர்லயும் பாகம் பிரிக்கச் சொல்றியா?"

"இல்ல மாமா. கோபி செஞ்சானா, செய்யலையான்னு இப்ப அந்தப் பெட்டிக்கே தெரியாது. எல்லாருக்கும் ஒரே பேரு இருக்கிறதால, செய்யாதவன் நான் செய்யலன்னு காட்டவும் வழியில்ல."

இந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. குடும்ப மானத்துக்கென்று அவர் வைத்த ஒற்றைப் பெயர்தான் ஒருவனுடைய மானத்தைக் காப்பாற்ற முடியாமல் நிற்கிறது என்று புரிந்தது. "சரி, செய்" என்றார்.

இளமதி விளக்கினாள். இனிமேல் பாஸ்வேர்டு கிடையாது. ஆளுக்கொரு சாவி. ஒவ்வொருவரும் தம் லேப்டாப்பிலேயே அதைச் செய்துகொள்ள வேண்டும். அது இரண்டு பாதியாக வரும். பூட்டு மாதிரி இருக்கிற பாதியை ரௌட்டரில் போடுவோம். அதை யார் பார்த்தாலும் பரவாயில்லை. சாவி மாதிரி இருக்கிற பாதி அந்த லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது.

"முழு அதிகாரம் ரெண்டு பேருக்குத்தான், மாமா. மத்தவங்க என்ன நடந்திருக்குதுன்னு பாக்கலாம், அன்னாடம் செய்யற வேலைய செய்யலாம். நான் பிரசவத்துக்கு வெம்பாக்கம் போயிடுவேன், எனக்கு வேணாம். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாருக்கு?"

சரவணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பச்சையப்பன் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"கோபிநாத்துக்கு."

"என்னப்பா இது" என்றான் சரவணன்.

"பழி அவன் மேலதான விழுந்துச்சு. அப்ப சாவியும் அவன் கையிலதான் இருக்கணும்."

இளமதி எல்லோருடைய பெயரையும் ஏற்றினாள். பழைய வழியில் உள்ளே இருந்தபடியே, ஒவ்வொருவரையும் அவரவர் லேப்டாப்பிலிருந்து தம் சாவியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். எல்லாம் திறந்த பிறகுதான் பாஸ்வேர்டு வழியை அடைத்தாள். அய்யாக்கண்ணு என்ற பெயரை எடுக்கும் முன் மாமனாரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றார். "எடு. போர்டுல இருக்கிறாரு, போதும்" என்றார்.

பச்சையப்பனுக்குச் சாவி பிடித்துப்போனது. பாஸ்வேர்டு எதுவும் அடிக்காமலே ரௌட்டர் அவருக்கு வழிவிட்டது. இந்த மரியாதையை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தம் சாவியின் இரண்டு பாதிகளையும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே, 'இது என் சாவி. நம் வீட்டில் ஒளிவு மறைவு கிடையாது' என்று எழுதினார். பாதியை மட்டும் போட்டால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்பது அவர் எண்ணம். வெம்பாக்கம் சம்பந்தி கும்பிடு போட்டார். தங்கை லீலா ஒரு ரோஜாப்பூ அனுப்பினாள். பச்சையப்பன் திருப்தியாகப் படுத்துத் தூங்கினார்.

எழுந்து ஆபீசுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தபோது ரௌட்டர் அவரை உள்ளே விடவில்லை. மறுபடி முயன்றார். அனுமதி இல்லை என்றது.

சரவணன் தன் லேப்டாப்பில் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"பாத்துக்கப்பா. 'பச்சையப்பன் சாவி நீக்கப்பட்டது. நீக்கியவர் கோபிநாத்.' கையில குடுத்தீங்க இல்ல, முதல்ல உங்களையே வெளிய தள்ளிட்டான்."

பச்சையப்பனின் முதுகு நாற்காலியில் இன்னும் விறைத்தது. கோபிநாத் படியேறி வந்தான். வந்ததும், "என் சாவிய எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான், பெரியப்பா."

சரவணன் வாதாடத் தயாராக இருந்தான். இவ்வளவு நேராகப் பதில் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"எதுக்கு எடுத்த?"

"சாவிய வெம்பாக்கம் வரைக்கும் அனுப்பி வெச்சிட்டீங்க. அந்தக் குரூப்புல யாரு போனு யாரு கையில இருக்குதோ. அத வெச்சிகினு எவன் வேணா நீங்களா உள்ள வந்துடலாம். அதான் ஜல்தியா எடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"போன் அடிச்சேன். பெரியம்மாதான் எடுத்தாங்க. தூங்குறாரு, எழுப்புனா கத்துவாருன்னாங்க. சரி, எடுத்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அதான் என் பேரு எழுதியிருக்குதே, எங்க ஓடிடப் போறேன்?"

பச்சையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு சரவணனின் லேப்டாப்பைத் தம் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தார். தம்பி மகன் பெயர் அதில் முழுசாக இருந்தது. செய்த காரியத்தின் பக்கத்தில் பெயரோடு நிற்கிறவன் எவனோ, அவன் சந்தவாசல் லைனைக் கெடுத்துவிட்டு மழுப்புகிறவனாக இருக்க மாட்டான் என்று அவருக்குப் பட்டது.

"சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார் பொதுவாக.

சரவணன் கோபிநாத் பக்கம் திரும்பினான். "ஞாயித்துக்கெழம நானும்தான் உள்ள போனேன், கோபி. கொசப்பாளையத்துக்கு ஒரு லைன் போட்டேன். அப்ப கை தவறி நான் அழிச்சிருந்தாலும் அழிச்சிருப்பேன். தெரியல" என்றான்.

"இத திங்கட்கெழம சொல்லியிருந்தா ஆவாதா, அண்ணே?"

"லைன் ஆளுங்க நின்னுகினு இருந்தாங்கடா."

"அவங்க எதிர்ல திட்டறதுக்கு மட்டும் வாய் வந்துச்சா?"

சரவணன் எழுந்தான். கீழே போய் டீ சொல்லி, அதே வேலைக்காரர்களையும் மாடிக்கு அழைத்து வந்தான். எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கும்போது, "சந்தவாசல் விஷயம் கோபி செஞ்சது இல்லப்பா. நான்தான் அவசரப்பட்டு பேசிட்டேன்" என்றான். ஒருவன் சிரிக்க வாயெடுத்தான். பச்சையப்பன் ஒரு பார்வை பார்த்ததும் டீயை ஊதத் தொடங்கினான்.

அவர்கள் போன பிறகு பச்சையப்பன் குரலை மாற்றாமல் கேட்டார்.

"வேலூருக்கு எப்ப கிளம்புற?"

"எங்க கிளம்புறது? உங்களுக்குப் புதுசா சாவி செய்யணும். அதையும் நீங்க எங்கயும் அனுப்பாம பாத்துக்கணும். அதுக்கே ஒரு ஆளு வேணும், பெரியப்பா."

சரவணன்தான் முதலில் சிரித்தான். பச்சையப்பன் சிரிக்கவில்லை. தம் லேப்டாப்பைத் தம்பி மகன் பக்கம் நகர்த்தி, நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"செய். எந்தப் பாதி எதுன்னு மட்டும் மறுபடி ஒருவாட்டி சொல்லு" என்றார்.