ஆசிரியை குணமணி நினைவில்லம்

ஜீவராணி பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் கையில் ஒரு கதவின் துண்டு இருந்தது. சாக்கில் சுற்றி, வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் பிரிவான மேற்கணக்கில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயத்தின் மேல் விழுந்தபோது, அவளுடைய மகள் தனுஷிகாவை இந்தக் கதவுக்கு அடியிலிருந்துதான் எடுத்தார்கள். நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அவர்கள் குடியிருந்த காம்பராவில் இருந்த மற்றதெல்லாம் மண்ணுக்குள் போயிற்று. போனும் போயிற்று, போனில் இருந்த படங்களும் போயின. பிள்ளையின் முகத்தைக் காட்ட ஒரு கடதாசித் துண்டுகூட மிஞ்சவில்லை. புருஷன் என்று ஒருவன் வெலிமடைப் பக்கம் வேறொருத்தியோடு லீக்ஸ் பயிர் போட்டுக்கொண்டிருந்தான். அவன் எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பற்றி அவள் எதிர்பார்ப்பு எதுவும் வைத்திருக்கவும் இல்லை.

இப்போது அவளுக்கு ஒரு தனிவீடு வரப்போகிறது. கனடாவில் இருக்கும் கஜரூபன் என்பவர், காலமான தன் தாயார் குணமணி ரீச்சரின் நினைவாகக் கட்டிக்கொடுக்கிறார். ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் காலமெல்லாம் படிப்பித்தவர். கஜரூபனின் சித்தப்பா மகன் மதுரன் பதுளையில் ஒரு கந்தோரில் அதிகாரி. வீட்டு வேலையை அவன்தான் மேற்பார்த்தான். சாவியும் அவனிடம்தான் இருந்தது.

வீட்டுக்கு மகளின் பேரை வைக்க வேண்டும் என்று ஜீவராணி நினைத்தாள். வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொடுத்த வீடு தன் வீடு என்று எண்ணிக்கொண்டாள். பாவம், தர்மம் வாங்கிப் பழக்கமில்லாதவள்.

அலவியின் கடையில் கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டுக்கொடுத்தால் மெஷின் தானாகவே மரத்தில் கொத்தும். கடை முழுக்க மரத்தூள். அலவி சாக்கைப் பிரித்து, பலகையைத் தடவிப் பார்த்தார்.

"பலாவு. நல்ல மரம். ஆணி ஈக்கிதா பாக்கணும் தங்கச்சி. ஆணில பட்டா மெஷின்ட பிட் ஒடஞ்சிரும்."

"ஆணியெல்லாம் நானே புடுங்கிட்டேங்க மொதலாளி."

"என்ன பேரு?"

"தனுஷிகா இல்லம். பக்கத்துல ஒரு பூ போட முடியுங்களா? கொப்பியில எல்லாம் பூதான் கீறி வைப்பா."

அலவி திரையில் எழுத்தை வரவழைத்து, ஓரத்தில் ஒரு பூவையும் வைத்துக் காட்டினார். அவள் திரைக்கு மிக அருகில் போய் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். அலவி யாருடைய பேர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

அடுத்த கிழமை பலகையை எடுக்க வந்தபோது கடையில் மதுரன் நின்றுகொண்டிருந்தான். நல்ல கோபத்தில் இருந்தான். மறுநாள் ரீச்சரின் ஆண்டுத் திவசம், வீடு திறப்பும் அன்றைக்குத்தான். கனடாவிலிருந்து சொந்தக்காரர் எல்லோரும் போனில் நேரடியாகப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் பெயர்ப்பலகைக்குச் சொல்லியிருந்த தேக்கு வந்து சேரவில்லை. மழைக்கு ரோட்டில் மண் விழுந்து லொறி வழியில் நின்றுவிட்டது.

"இல்லாத மரத்துல நான் எப்பிடிக் கொத்துற சேர்?" என்றார் அலவி.

மதுரனின் கண் மேசைமேல் போயிற்று. மெழுகு பூசி, பளபளவென்று, அவன் சொல்லியிருந்த அளவுக்கே ஒரு பலகை. திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வழவழப்பாக வெறுமையாக இருந்தது. அவன் முகம் தெளிந்தது.

"இது ஆற்ற பலகை?"

"என்னுதுங்க சேர்" என்றாள் ஜீவராணி. "வீட்டுக்குப் போடலாம்னு."

மதுரன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் அதட்டியிருப்பான், அவளும் ஒருவேளை எதிர்த்துப் பேசியிருப்பாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தான்.

"அக்கா, வீட்டுக்கு ஒரு பேர்தான் இருக்கலாம். அது குடுக்கிற ஆக்களின்ட பேர். ரெண்டு பலகை தொங்கினா கனடாவில என்ன நினைப்பினம்? இந்தப் பலகையின்ட மற்றப் பக்கத்தில பெரியம்மான்ட பேரைக் கொத்துவம். உங்கட பிள்ளையின்ட பேர் ஒரு இடமும் போகாது. பின்னுக்குப் பத்திரமா இருக்கும்."

"பின்னாலன்னா செவுத்துப் பக்கமாங்க?"

"ஓம். மழை வெயில் ஒண்டும் படாது."

அவள் அலவியைப் பார்த்தாள். அலவி கம்ப்யூட்டரைப் பார்த்தார். மதுரன் சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்து, வெறுமனே, கையில் வைத்துக்கொண்டான். பள்ளிக்கூட மண்டபத்தில் நாலு குடும்பத்தோடு பாய் விரித்துப் படுத்துக் கிடப்பவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சரிங்க சேர்."

பலகையைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் இறுக்கி, அலவி மெஷினைப் போட்டார். தனுஷிகாவின் பேர் கீழே கிடந்தது. அதன் முதுகில் 'ஆசிரியை குணமணி நினைவில்லம்' என்று அழகாக, ஆழமாக விழுந்தது. எழுத்துக்குப் பொன்வண்ணம் பூசினார்கள். உண்மையைச் சொன்னால் பூசாத எழுத்தைவிட அது எடுப்பாகத்தான் இருந்தது.

வீடு திறந்தார்கள். பொங்கல் பொங்கியது, கனடா பார்த்தது. கிளம்பும்போது மதுரன் ஒரு சின்ன வேலை சொன்னான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பலகைக்குக் கீழே விளக்கேற்றி, அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். அதற்கென்றே ஒரு போனும் கொடுத்தான்.

ஜீவராணி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. கொழுந்து பறிக்கப் போகும்போதும் வரும்போதும் பலகையைத் தொட்டாள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விரல் நுனியை விட்டால் பூவின் ஒரு இதழ் தட்டுப்படும். அந்த ஒரு இதழை வைத்துக்கொண்டு அவள் நாட்களை ஓட்டினாள். அதைச் சந்தோஷம் என்றே சொல்லிவிடலாம், அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு வெள்ளி விளக்கேற்றிவிட்டு, போனை நிறுத்த மறந்துபோனாள். பலகையில் நெற்றியை வைத்து, "சாமி, என் தங்கம்" என்று அழுதாள். பார்க்காமலே அவள் அனுப்பிவிட, வீடியோ அப்படியே கனடாவுக்குப் போயிற்று.

கனடா நெகிழ்ந்துவிட்டது. பெற்ற பிள்ளைகளே இப்படி அழவில்லையே, எங்கேயோ ஒரு தோட்டத்துப் பெண் குணமணி ரீச்சரைச் சாமி என்கிறாளே என்று மாமியும் மச்சாளும் மாறி மாறி எழுதினார்கள். கஜரூபன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இப்பேர்ப்பட்டவளுக்கு ஏதாவது செய்யாமல் இருப்பது பாவம் என்று தீர்மானித்தார். லீவு போட்டுவிட்டு வந்தார்.

வரும்போது வேனில் ஒரு கருங்கல் வந்தது. ரீச்சரின் முகம், மூக்குக்கண்ணாடி, பேர், பிறந்தது, மறைந்தது எல்லாம் அதில் மெஷினால் செதுக்கப்பட்டிருந்தன. செதுக்கியவர் அலவி. பொருத்துவதற்கு அவரே டிரில் மெஷினோடு வந்திருந்தார்.

"தங்கச்சி, அந்தச் சின்னப் பலகை உங்கட அன்புக்குக் காணாது. இது கல்லு. ஒரு நாளும் அழியாது" என்றார் கஜரூபன்.

"பழசே இருக்கட்டுங்க ஐயா. அதுவே போதுங்க."

"பார் மதுரன், ஒண்டும் வேண்டாமாம்" என்று கஜரூபன் கண் கலங்கினார்.

அலவி முதல் ஆணியைக் கழற்றினார். ஜீவராணி ஓடிப்போய்ப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, பின்னால என் மக பேரு இருக்குங்க. அவ செத்துக் கெடந்த கதவுங்க இது. அவ போட்டோகூட எங்கிட்ட இல்லீங்க. இத மட்டும் குடுத்துருங்க."

பலகை தேக்கு என்று கனடாவுக்குச் சொல்லியிருந்த மதுரன் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கஜரூபன் பலகையை வாங்கித் திருப்பினார். 'தனுஷிகா இல்லம்' என்றிருந்தது. ஓரத்தில் பூ. அவர் எழுத்தை விரலால் தடவினார். பிறகு குலுங்கி அழுதார். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார்.

ஜீவராணி கையை நீட்டினாள்.

"ஒரு பக்கம் எங்கட அம்மா, மற்றப் பக்கம் உங்கட பிள்ளை" என்றார் அவர். "தெய்வச் செயல். இது இஞ்ச கறையான் தின்னக் கிடக்கக் கூடாது. நான் கொண்டுபோய் எங்கட வீட்டு ஹோலில வைக்கிறன். வாற சனமெல்லாம் உங்கட கதையைக் கேக்கும்."

"எனக்கு வேணுங்க ஐயா."

"நான் பத்திரமா வச்சிருப்பன் தங்கச்சி. அழாதேங்கோ. படம் எடுத்து அனுப்பிவிடுறன்."

பலகையை அவள் கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், விலக்கி எடுத்துக்கொண்டார். ஒரு சேலையும் கொடுத்தார். அலவி கல்லைச் சீமெந்து வைத்துச் சுவரோடு ஒட்டப் பூசினார். இடுக்கு என்று எதுவும் இல்லை.

அடுத்த வெள்ளி ஜீவராணி கல்லுக்குக் கீழே விளக்கேற்றி, கும்பிட்டு, வீடியோவை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மதுரன் போன் எடுத்தான்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. கனடாவில கேக்கினம், ஏன் முந்தின மாதிரி இல்லையெண்டு. கல்லு பிடிக்கேல்லையோ எண்டு அண்ணாவுக்கு மனவருத்தம். இன்னொருக்கா எடுத்து அனுப்புறீங்களோ? அண்டைக்கு மாதிரி, கொஞ்சம் மனசு உருகி."

"சரிங்க சேர்."

அவள் விளக்கை அணைத்துத் திரும்பவும் ஏற்றினாள். போனை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய், ரீச்சரின் மூக்குக்கண்ணாடியில் நெற்றியை முட்டி நின்றாள். அழுகை தானாகவே வந்தது, நிறுத்த முடியாமல் வந்தது. கனடாவில் எல்லோருக்கும் மிகவும் பிடித்திருந்தது.