அப்ரிலின் பச்சை

நெலிடா பிராக்கோவுக்கு அவசரம் கூடவே பிறந்தது. ரொசாரியோ நகரத்தில் எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அப்ரில் என்ற எட்டு வயதுச் சிறுமிக்கு இறைச்சி ஆகாது. அவளுடைய கல்லீரல் நொதி ஒன்றின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நோய்க்கு அதுதான் காரணமா என்று பார்க்க நெலிடா ஒரு பிளாஸ்மிட் செய்தாள். வளையமாக மூடிய சின்ன டிஎன்ஏ அது. நல்ல நொதிக்கான வளையம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. நொதியின் வாலில் பச்சையாக ஒளிரும் புரதமும் சேர்ந்தே வரும். அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் படியெடுத்துவிட்டு, பழைய வளையங்களை வெட்டும் மருந்தைச் சேர்த்து அழித்துவிட வேண்டும்.

அந்த மருந்து சுங்கத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் காலாவதியான குப்பியையே சொட்டுச் சொட்டாக இழுத்துப் பிடிப்பது எங்கள் வழக்கம். நெலிடாவும் அப்படித்தான் செய்தாள்.

புது வளையத்தை ஏற்றிய செல்கள் பச்சையாக மின்னின. நொதி பிரமாதமாக வேலை செய்தது.

"டிஎன்ஏ படிக்கிற கொரியா கம்பெனிக்கு அனுப்பி எழுத்தெழுத்தா படிச்சுப் பாத்துடேன்," என்றேன்.

"கண்ணு முன்னாடி பச்சையா மின்னுது. இன்னும் என்னடா வேணும் உனக்கு, பட்டாசு வெடிக்கணுமா?"

நானும் சிரித்துக் கைதட்டினேன்.

அப்ரிலை அவள் அம்மா மிர்தா கூட்டிவந்தாள். நெலிடா அவளுக்கு மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டிவிட்டு, சிறுமியை நுண்ணோக்கி முன்னால் ஏற்றி உட்காரவைத்தாள். "இது உன்னோடதுடி செல்லம். எப்படி மின்னுது பாரு!" பிறகு மிர்தாவிடம், "அந்த மாத்தத்தால ஒண்ணும் இல்லீங்க. கொஞ்சம் கறி குடுத்துத்தான் பாருங்களேன்," என்றாள். டாக்டரைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் அசாதோ என்ற சுட்ட கறி விருந்து. அப்ரில் முதல்முறையாகத் தணலில் வெந்த விலாக்கறி தின்றாள். மறுநாள் காலையில் அவளை எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் போராடித்தான் காப்பாற்றினார்கள்.

அதற்குப் பிறகுதான் நெலிடா பிளாஸ்மிட்டைக் கொரியாவுக்கு அனுப்பினாள். பதில் வந்தது. எழுத்து மாறவே இல்லை. அத்தனையும் மருந்துக்குச் சாகாமல் தப்பிய பழைய வளையம். பச்சை வால் அதற்கும் உண்டுதானே! நல்ல நொதியைச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பூரித்திருக்கிறோம்.

"மிர்தாவுக்கு நீ போன் பண்ணிச் சொல்லேன்," என்றாள். முகம் செத்திருந்தது.

"உன் வாயால சொன்னே. உன் வாயாலயே சொல்லு," என்றேன். சொன்ன பிறகு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்று கைதட்டியவன்தானே நான்.

மிர்தா மகளோடு நேரிலேயே வந்தாள். நெலிடா தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னோடதுங்க. முழுக்க என்னோடது."

மிர்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான்தாங்க ஊட்டினேன்," என்றாள். "போதும்மான்னு சொன்னா. இன்னும் ஒரு துண்டுடின்னு இந்தக் கையாலதான் ஊட்டினேன்."

அதற்குள் அப்ரில் தானாகவே நாற்காலியில் ஏறி நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தாள். "என் பச்சையைக் காட்டுங்க."

"அது உன்னோடது இல்லம்மா," என்றாள் நெலிடா.

"அப்ப என்னோடது எங்க?"

"இன்னும் செய்யவே இல்லம்மா."

மிர்தா மகளை இறக்கிக் கூட்டிப்போனாள்.